சிலிக்கான் டிடெக்டர்: சென்னை வெயிலில் சில வருட அனுபவம்

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் கேட்டிருந்தார்: "சார், சிலிக்கான் டிடெக்டர் விலை கொஞ்சம் இறங்கியிருக்கே, எம்.எஸ்சி. லேபுக்கு வாங்கலாமா?"

கதிர்வீச்சுத் துகள் வந்து விழுந்தால் அதன் ஆற்றலை அளந்து சொல்லும் சிலிக்கான் தகடுதான் இது. எங்கள் லேபில் ஒன்று சில வருடங்களாக ஓடுகிறது. அயனி பதித்துச் செய்த வகை, 300 மைக்ரான் தடிமன். சூரியனை ஆராயும் நம் ஆதித்யா-எல்1 விண்கலம் போன பிறகு மாணவர்களுக்கு இதன் மேல் தனி மரியாதை. அதிலுள்ள ஆஸ்பெக்ஸ் கருவியின் ஸ்டெப்ஸ் பகுதி, சூரியனிலிருந்து வரும் வேகத் துகள்களை ஆறு திசைகளில் அளப்பதும் சிலிக்கான் டிடெக்டரை வைத்துத்தான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. துகள் விழுந்ததும் சிலிக்கானில் எலெக்ட்ரான்-துளை ஜோடிகள் உண்டாகும், அவைதான் சிக்னல். ஒரு ஜோடியை உண்டாக்க 3.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். வாயு டிடெக்டருக்கு ஏறக்குறைய 30 வேண்டும். அமெரிசியம்-241 என்ற கதிரியக்க மூலத்தின் ஆல்ஃபா துகள் ஒன்று விழுந்தால் ஏறக்குறைய 15 லட்சம் ஜோடி. காலையில் அறை குளிர்ந்திருக்கும்போது ஸ்பெக்ட்ரம் (எந்த ஆற்றலில் எத்தனை துகள் என்ற படம்) எடுத்தால், 5.486 எம்.இ.வி. (பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்) பீக்குக்கு இடப்பக்கம் 5.443 சின்னதாகத் தனியே தெரியும். பார்க்கவே அழகு.

மதியம் 3 மணிக்கு அதையே எடுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக நிற்கும். காரணம் கசிவு மின்னோட்டம், அதாவது துகள் எதுவும் விழாதபோதும் டிடெக்டரில் ஓடும் சின்ன மின்னோட்டம். சூடு 8 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், நாய்ஸும் கூடவே ஏறும். போதாததற்கு, அந்தக் கசிவு, டிடெக்டருக்கு வோல்ட் கொடுக்கும் பாதையிலுள்ள பயாஸ் மின்தடை வழியாகப் போவதால், நான் வைத்த வோல்ட் முழுதாக டிடெக்டருக்குப் போய்ச் சேராது. எங்கள் கட்டடத்தில் ஏசியை மதியச் சாப்பாட்டோடு அணைத்துவிடுவார்கள், கரண்ட் பில் மிச்சமாம். டிடெக்டர் இருக்கும் சேம்பரிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் வேறு அறைக்குள் அனல் கக்கும். அதை நிறுத்தவும் முடியாது. காற்று இருந்தால் ஆல்ஃபா ஏறக்குறைய 4 செ.மீ.யிலேயே ஓய்ந்துவிடும்.

போன மே மாதம் சர்வீஸுக்கு வந்தவர், சட்டையெல்லாம் நனைந்து நின்றபடி கசிவு காட்டும் மீட்டரைக் காட்டி, "டிடெக்டர் போயிடுச்சு சார், புதுசுக்குக் கொட்டேஷன் அனுப்பட்டுமா?" என்றார். ராத்திரி ஏசியைப் போட்டுவிட்டுப் பார்த்தேன். கசிவு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவர் வந்துபோனதற்குப் பில் மட்டும் தவறாமல் வந்தது.

வெளிச்சமும் ஆகாது. சேம்பரில் பார்வைக் கண்ணாடி எதற்கு வைத்தார்களோ, கறுப்பு டேப் ஒட்டி மூடியிருக்கிறோம். டேப்பின் ஓரம் உரிந்தால் கசிவு எகிறும். விண்கலத்திலும் இதே தலைவலிதான்: சூரியத் துகள் வேண்டும், சூரிய வெளிச்சம் கூடாது. முகப்பில் உலோகப் படலம் போட்டால் வெளிச்சம் நிற்கும், ஆனால் ஆற்றல் குறைந்த துகள்களும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். படலத்தை எவ்வளவு மெலிதாக்குவது என்பதில்தான் மல்லுக்கட்டு. ஆனால் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு யாரும் குளிர்ச்சியை அணைப்பதில்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். பழைய தங்கப் பூச்சு டிடெக்டரில் விரல் பட்டாலே கதை முடிந்தது. இதைப் பஞ்சில் மெத்தனால் தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். ஒரு மாணவர் நேராக அதன் மேலேயே தும்மினார். துடைத்து மாட்டினோம், பீக் அதே இடத்தில் வந்தது. அன்றைக்கு அதைத் தயாரித்தவர்கள் எதிரில் இருந்திருந்தால் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன்.

சரி, வாங்கலாமா? வேண்டாம் சார். லேபுக்குத் தனி ஏசி போட்டுத் தருகிறோம் என்று உங்கள் நிர்வாகம் எழுத்தில் கொடுக்கும்வரை, விலை பாதியானாலும் வேண்டாம்.

நான் இன்னொன்றுக்கு இண்டெண்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்டிருப்பது வேறு விஷயம். முன்னால் மெல்லிய டிடெக்டர், பின்னால் தடிமனானது என்று அடுக்கினால், துகள் முதலாவதில் எவ்வளவு ஆற்றலை இழந்தது, மிச்சம் எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்து, வந்தது என்ன துகள் என்று பிரிக்கலாம். விண்கலங்களில் புரோட்டானையும் ஹீலியத்தையும் பிரிப்பது இப்படித்தான். எங்கள் ஆல்ஃபா சிலிக்கானில் 30 மைக்ரானைக்கூடத் தாண்டாது என்பதால் 10 மைக்ரான் போலத் தேடுகிறேன். மெலிய மெலிய விலை ஏறும். கொட்டேஷன் இன்னும் வரவில்லை.