நூலையும் இரவலையும் எதைக் கொண்டு இணைப்பது: ஐஎஸ்பிஎன்னா, வரிசை எண்ணா?

ஒரு சிறு நூலகத்துக்குத் தரவுத்தளம் அமைக்கப் புதிதாகக் கற்பவர், நூல்களுக்கு ஓர் அட்டவணையும் இரவல்களுக்கு ஓர் அட்டவணையும் வரைந்தவுடனே ஒரு கேள்வி எழுகிறது. இரவல் அட்டவணையில் நூலைச் சுட்டும் ஃபாரின் கீயாக, அதாவது வேறோர் அட்டவணையின் பதிவைக் குறிக்கும் புலமாக, பின்னட்டையில் அச்சாகியிருக்கும் சர்வதேசத் தர நூல் எண்ணான ஐஎஸ்பிஎன்னை வைப்பதா, தரவுத்தளமே 1, 2, 3 என்று தானாக வழங்கும் எண்ணை வைப்பதா?

ஐஎஸ்பிஎன்னின் பக்கம் நியாயம் உண்டு. அது ஏற்கெனவே இருக்கும் எண். ஒரே நூலை இருமுறை பதியவிடாது. வேறு நூலகத்தின் பட்டியலோடும் ஒப்பிட உதவும். ஆனால் மாறாது என்று நாம் நம்பும் அந்த எண்ணே ஒருமுறை உலகம் முழுவதும் மாறியது. 2007 ஜனவரி 1 முதல் ஐஎஸ்பிஎன் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமானது. முன்னால் 978 சேர்ந்ததோடு கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் மாறியதால், 0306406152 என்றிருந்தது 9780306406157 ஆயிற்று. ஐஎஸ்பிஎன்னையே நூல் அட்டவணையின் பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாக, வைத்திருந்தால், நூல் அட்டவணையோடு அதைச் சுட்டும் ஒவ்வொரு அட்டவணையையும் திருத்த வேண்டும். 'ஆன் அப்டேட் கேஸ்கேட்' என்ற கட்டளை அந்தத் திருத்தத்தைத் தானே செய்துவிடும் என்பார்கள். தரவுத்தள மென்பொருள்களில் போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்கியூலைட்டிலும் அது உண்மை, ஆரக்கிளில் அந்த வசதியே இல்லை.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. பழைய நூல்கள் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. ஒரே பதிப்பின் மூன்று படிகள் அலமாரியில் இருந்தால் மூன்றுக்கும் ஒரே எண்தான். வாசகர் எடுத்துச் சென்றது அவற்றுள் எந்தப் படி என்று அந்த எண்ணால் சொல்ல இயலாது. இரவல் போவது படியே என்பதால், படிகளுக்கென்று தனி அட்டவணையும் அதற்குத் தானியங்கி எண்ணும் வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஐஎஸ்பிஎன்னை நூல் அட்டவணையில் ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் 'யுனிக்' கட்டுப்பாட்டுடன் வைத்துக்கொண்டால் அதன் பயன் எதுவும் குறையாது. உறுப்பினரின் கைபேசி எண்ணுக்கும் இதே முடிவுதான். கைவிடப்பட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடுகிறது.

மொழிக் குறியீடு போன்ற சிறிய, நிலையான பட்டியல்களுக்கு மட்டும் நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். தமிழுக்கு 'ta' என்ற ஐஎஸ்ஓ குறியீட்டையே கீயாக வைத்தால், நூல் அட்டவணையைப் பார்த்தவுடன் மொழி புரிகிறது. இரு அட்டவணைகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஜாயினும் மிச்சமாகிறது.

தானியங்கி எண்ணைத் தேர்ந்தவர் எஸ்கியூலைட்டில் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே ஃபாரின் கீ கட்டுப்பாடு பொதுவாக அணைந்தே இருக்கும்; ஒவ்வொரு இணைப்பிலும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்று இயக்க வேண்டும். இயக்காத நிலையில் கடைசியாகச் சேர்த்த 412ஆம் படியை நீக்கினால், அதன் இரவல் பதிவு ஆளில்லாமல் அப்படியே தங்கிவிடும். 'ஆட்டோஇன்கிரிமென்ட்' என்று குறிப்பிடாத அட்டவணை, அடுத்து வரும் படிக்கு அதே 412ஐ மறுபடி வழங்கும். அலமாரியில் புதிதாக வந்து நிற்கும் நூல், யாரோ எப்போதோ இரவல் எடுத்ததாகத் திரையில் தெரியும். பிழைச் செய்தி ஒன்றும் வராது.