ரெடிமேட் பழ-சீஸ் தட்டு: வாங்கலாமா?

மூடி போட்டு விற்கும் ரெடிமேட் தட்டில் சீஸைக் குறை சொல்ல முடியாது, சொதப்புவது பழம்தான். அன்னாசியும் கிவியும் செடார் சீஸ் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. அவற்றிலுள்ள என்சைம் சீஸின் புரதத்தை உடைப்பதால், பட்ட இடம் கொழகொழவென்று ஆகி லேசாகக் கசக்கும். திறந்ததும் முதல் வேலையாக அவற்றைத் தனிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள். பழுப்பேறிய ஆப்பிளை மீட்க வழியில்லை. புதிதாக நறுக்கி, ஒரு கப் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரம் போகத் துடைத்து வையுங்கள்; இல்லையென்றால் பக்கத்து பிஸ்கட் நமத்துப்போகும்.

பரிமாற அரை மணி முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால்தான் சீஸின் மணம் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம்.

சத்து? 30 கிராம் செடாரில் சுமார் 120 கலோரி, 7 கிராம் புரதம், 200 மில்லிகிராம் கால்சியம். அதே எடை பிரீ (Brie) என்ற மென்மையான சீஸில் கால்சியம் கால்வாசிதான். நார்ச்சத்துக்குப் பழம்தான் கதி, அதையோ கஞ்சத்தனமாக வைத்திருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் சீஸைத் தனியாக வாங்கி, லேபிளில் சோடியம் அளவைப் பார்த்துச் சேர்ப்பதே மேல்.