ஆல் டெரெய்ன் டயர் போடப் போகிறீர்களா? கோவையில் எனக்கு நடந்தது

எஸ்யூவிக்கு டயர் மாற்றும் நேரத்தில் இருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 58,000 ரூபாய் போனது. பணத்தைவிட, அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த டயரில் வால்பாறை மலை ஏறினேன் என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

எங்களுடையது 2017 ஸ்கார்பியோ. கம்பெனி கொடுத்த டயர் அளவு 235/65 ஆர்17. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம், 17 என்பது அங்குலத்தில் ரிம் அளவு; நடுவில் இருக்கும் 65-க்குப் பிறகு வருகிறேன். 2024 டிசம்பரில் நான்கிலும் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டங்கள், தேய்ந்துவிட்டது. மாமனாரின் தோட்டம் கிணத்துக்கடவு பக்கம். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் வெறும் ஜல்லிக்கல் பாதை. போன மழையில் அங்கே டயரின் பக்கச் சுவரான சைடுவால் கிழிந்து ராத்திரி எட்டு மணிக்கு நின்றிருக்கிறோம். இந்த முறை தார், மண், கல் என்று எல்லாப் பாதைக்குமான ஆல் டெரெய்ன் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தப்பு கடையில் ஆரம்பித்தது.

கோவையில் பேர் போன கடைதான். முதலில் 18 இஞ்ச் அலாய் வீலைக் காட்டினார்கள். வேண்டாம் என்றேன். டயரின் மொத்த உயரம் மாறாமல் ரிம் பெரிதானால், இடையில் இருக்கும் ரப்பர்தானே குறையும்? 235/65 ஆர்17-இல் சைடுவால் கிட்டத்தட்ட 153 மில்லி. அதற்கு ஈடான 235/60 ஆர்18-இல் 141 மில்லிதான். பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்குவது அந்த ரப்பர். கல் பாதையில் போகிறவனுக்குப் பெரிய ரிம் எதற்கு?

இவ்வளவு தெரிந்தவன் அடுத்ததில் விழுந்துவிட்டேன். "அப்போ 17-லயே 265/65 போட்டுக்கலாம் சார். ரிம் மாத்த வேண்டாம், வண்டி கொஞ்சம் தூக்கலா நிக்கும், கல்லுல அடி படாது. ஸ்கார்பியோவுக்கு எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றார் கடைக்காரர். ஆர்17 என்றால் ரிம்மில் உட்காரும், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன்.

உட்காரும். ஆனால் நடுவில் இருக்கும் 65 என்பது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 65 சதவீதம். அகலம் கூடினால் உயரமும் தானாகக் கூடும். பழைய டயரின் விட்டம் 737 மில்லி, புதியது 776. ஐந்து சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-இல் போகும். கிலோமீட்டர் ஓட்டமும் குறைத்துத்தான் காட்டும். லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி 10 காட்டியதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிசகுதான். மீதி டயரின் எடை. அதோடு 265 அகல டயருக்கு ரிம் ஏழரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எங்கள் ரிம் அதைவிடக் குறுகல். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. கடைக்காரருக்கு அன்றைக்கே தெரியும்.

பொங்கல் லீவில் வால்பாறை கிளம்பினோம். ஆழியாரிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் முன்னால் கர்ர்ர் என்று ஒரு சத்தம். கல் எதுவும் சிக்கியிருக்கும் என்று ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் அதே சத்தம். ஒன்பதாவதில் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனர் நார் நாராகத் தொங்குகிறது. டயரின் தோள்பட்டை, அதாவது பட்டனும் சைடுவாலும் சேரும் ஓரம், சீவி எடுத்தாற்போல இருந்தது. கை வைத்தால் விரலில் கருப்புத் தூள். உள்ளே, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார் ஒயரின் மேல் உறை உரசி வெளுத்திருந்தது. இன்னும் நூறு வளைவு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கேயே திருப்பி, ஆமை வேகத்தில் பொள்ளாச்சி வந்து சேர்ந்தோம். பின் சீட்டில் யாரும் பேசவில்லை.

பொள்ளாச்சியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். ஐந்து நிமிஷம் கழித்து, "அண்ணா, இங்க வந்து பின் சக்கரத்தோட உள்பக்கம் பாருங்க" என்றார்.

சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் முடிவில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயர்கள் இரண்டிலும் 1824. பின் டயர்கள் இரண்டிலும் 4119. அதாவது 2019-ஆம் வருடம் 41-ஆவது வாரம். புதுசு என்று நான் காசு கொடுத்து வாங்கியபோதே அவற்றுக்கு ஐந்து வயது. பட்டன் இடுக்கில் டார்ச் அடித்தால் முடி மாதிரி வெடிப்புகள் தெரிந்தன. இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். முன்னால் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி மாட்டியவர்கள், பின்னால் மட்டும் அதை உள்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். கைதவறுதலாக இரண்டு டயரிலும் ஒரே மாதிரி நடக்குமா?

மறுநாள் கடையில் போய்க் கேட்டேன். உரசலுக்குக் கிடைத்த பதில், "கொஞ்ச நாள் ஓடினா தேஞ்சு செட் ஆயிடும் சார்." தேதிக்குக் கிடைத்த பதில், "டயர் என்ன பால் பாக்கெட்டா சார், தேதி பாக்க?" ரப்பர் குடோனில் சும்மா கிடந்தாலும் இறுகும்; இறுகினால் ஈரச் சாலையில் பிடி போகும். இதை டயர் வியாபாரம் செய்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. சைடுவாலில் எம்+எஸ் என்று இருக்கிறதே, அசல் ஆஃப் ரோடு டயர் என்றார். எம்+எஸ் என்பது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் குறி. அதைப் போட எந்தச் சோதனையும் தேவையில்லை.

கம்பெனி உத்தரவாதத்துக்குப் போனால் பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது 'டயர் 4' என்று பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் மூவாயிரம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தேன். அந்தத் தவறு என்னுடையது. தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். பில்லில் டயர் அளவும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவு இருந்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிய முடிந்தது. அதன் பிறகு பழைய தேதி டயர் இரண்டுக்கு மட்டும் 18,000 திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. நாளைக்கு விபத்து, இன்சூரன்ஸ் க்ளெய்ம் என்று வந்து சர்வேயர் டயர் அளவைக் கேட்டால், பதில் சொல்லக் கடைக்காரர் வரமாட்டார்.

கடைக்குப் போகும் முன் டிரைவர் கதவைத் திறந்து அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் விடாதீர்கள்: 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 108 என்றால் 1000 கிலோ. பழையதைவிட அது குறையக் கூடாது. ஸ்டெப்னியையும் மறந்துவிடாதீர்கள். என் வண்டியில் நான்கு சக்கரம் 776, ஸ்டெப்னி மட்டும் 737 என்று அந்த மலையில் திரிந்திருக்கிறேன். முழுக்கத் தார் ரோட்டில் ஓடுகிற வண்டி என்றால் ஆல் டெரெய்னே வேண்டாம். சத்தம் கூடும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

மார்ச்சில் வேறொரு கடையில் அதே 235/65 ஆர்17 அளவில், மிதமான ஆல் டெரெய்ன் ஐந்து வாங்கினேன். ஐந்தையும் தரையில் படுக்க வைக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சில் ஒவ்வொன்றாகப் படித்துப் போட்டோ எடுத்தேன். கடைப் பையன் பொறுமையாகப் புரட்டிப் போட்டான். ஐந்திலும் 0325. அதன் பிறகுதான் ஜாக்கி வைக்கச் சொன்னேன்.