ரிச்சி தெருவில் ‘ஓவர்கிளாக் செய்து தருகிறோம்’ என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னை ரிச்சி தெருவுக்குக் கணினி அசெம்பிள் செய்யப் போகிறவர்கள், அதிலும் முதல்முறை வாங்குகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ப்ராசஸரையும் ராமையும் ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் ஓட வைத்துத் தருவதாகச் சொல்லி ஒரு கடையில் என்னிடம் தனியாக 3,500 ரூபாய் வாங்கினார்கள். அவர்கள் செய்து கொடுத்த வேலை என் தொழிலையே கெடுக்கப் பார்த்தது.

நான் அம்பத்தூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 ராம், நடுத்தர விலையில் ஒரு டவர் கூலர் வாங்கினேன். பொருள்கள் எல்லாம் அசல்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். பில் போடும் நேரத்தில்தான் கடைக்காரர் ஆரம்பித்தார். “சார், இது 4.4 கிகாஹெர்ட்ஸ்தான் போகும். நாங்க 4.7 ஆக்கித் தரோம். ராம் 3200, அதையும் 3800 ஆக்கிடலாம். எடிட்டிங்குக்குப் பறக்கும்.” ஏசி அறையில் வைத்துத் திரையில் 4.7 என்ற எண்ணைக் காட்டினார்கள். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருள் ஒருமுறை ஓடியது, சீக்கிரமே முடிந்தது. அவ்வளவுதான் சோதனை. அந்த 3,500 மட்டும் ஜிஎஸ்டி பில்லில் வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் ‘சர்வீஸ்’ என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

கத்திரி வெயில் தொடங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. எடிட் செய்த வீடியோவை ஃபைலாக்கும் எக்ஸ்போர்ட் பாதியில் நின்றது, புளூ ஸ்கிரீன் வந்தது, தானாக ரீஸ்டார்ட் ஆனது. அதையாவது கண்ணால் பார்க்க முடிந்தது. பார்க்க முடியாத கோளாறுதான் மோசம். ஒரு முகூர்த்த வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் பச்சைக் கட்டங்கள் விழுந்திருந்தன. பெண்ணின் அப்பா போன் செய்து, “என்ன தம்பி இது?” என்று கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. ராம் தப்பாக ஓடினால் கணினி நின்றுதான் போக வேண்டும் என்பதில்லை. நிற்காமலே ஃபைலில் தப்பான தகவலை எழுதிக்கொண்டும் போகும்.

கடைக்குப் போன் செய்தால், ஒருநாள் விண்டோஸில் பிரச்சினை என்றார்கள், அடுத்த முறை உங்கள் ஏரியாவில் கரண்ட் சரியில்லை என்றார்கள். நேரில் கொண்டுபோனபோது விண்டோஸை மாற்றிப் போட்டு அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். வேகமும் வோல்டேஜும் அமைக்கும் பயாஸை (மதர்போர்டின் அமைப்புத் திரையை) யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திறந்து பார்த்தது என் சித்தி மகன். அவன் பெருங்குடியில் சர்வர் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். ப்ராசஸருக்கு 1.45 வோல்ட் என்று நிரந்தரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். ராம் பெட்டியில் 1.35 வோல்ட் என்று அச்சடித்திருக்க, உள்ளே 1.5 வைத்திருந்தார்கள். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘வியா’ என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன.

இதைக் கடையில் கேட்டேன். “சார், இந்த ப்ராசஸர் தானாவே 1.45 வரைக்கும் போகும், நீங்களே பாருங்க” என்றார்கள். இந்தப் பதிலில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். அவர்கள் சொன்னது பாதி உண்மை. இலேசான வேலையில் ஓரிரு கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி) மட்டும் வேகமெடுக்கும்போது ப்ராசஸர் தானாகவே அந்த அளவு வோல்டேஜைக் கொஞ்ச நேரத்துக்கு எடுத்துக்கொள்ளும். அப்போது ஓடும் மின்னோட்டம் குறைவு. ஆறு கோரும் முழுப் பாரத்தில் இறங்கியதும் அதுவே வோல்டேஜைக் குறைத்துவிடும். கடைக்காரர்கள் கையால் பூட்டியதால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. எக்ஸ்போர்ட் ஓடும் நேரம் முழுக்க 1.45. வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.25 வோல்ட்டில் ஓடுவதை 1.45 ஆக்கினால், வேகம் துளிகூடக் கூடாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெப்பம் கூடிவிடும். ஏசி அறையில் ஒரு சுற்று தாங்கியது, மே மாத அம்பத்தூரில் ஃபேன் காற்றில் எப்படித் தாங்கும்?

3800 ராம் கதையும் இப்படித்தான். ரைசன் 5000 வரிசையில் ராம் வேகத்தில் பாதி அளவுக்கு ப்ராசஸரின் உள் இணைப்பும் சேர்ந்து ஓட வேண்டும். 3600 என்றால் அது 1800, பெரும்பாலானவை தாங்கும். 3800 என்றால் 1900, எல்லாச் சில்லும் அங்கே நிலையாக நிற்காது. நிற்கிறதா என்று இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பொறுமையான சோதனைக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று நினைத்தேன். அதைத்தான் அவர்கள் செய்யவே இல்லை.

ஓவர்கிளாக் செய்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பொறுமை இருந்தால் புதியவர்களும் வீட்டிலேயே செய்யலாம். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அப்புறம் ராம். 3200 என்று வாங்கிய ராம்கூடப் பயாஸில் எக்ஸ்எம்பி (ராமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் தேர்வு) போடாதவரை பெரும்பாலும் 2133, 2400 மாதிரிக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த ஒரு தேர்வை மாற்றுவதற்கே சில இடங்களில் சர்வீஸ் சார்ஜ் கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள். மாற்றியபின் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பை யுஎஸ்பியில் போட்டு நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம்.

ப்ராசஸருக்கு நிரந்தர வோல்டேஜ் பக்கமே போகாதீர்கள். ரைசனில் பிபிஓவும் (மின்சார வரம்பை உயர்த்தி ப்ராசஸரைத் தானாக வேகமெடுக்க விடும் அமைப்பு) கர்வ் ஆப்டிமைசரும் (தானாக எடுக்கும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இருக்கின்றன. கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 10 வைத்துத் தொடங்கினால் வோல்டேஜ் குறையும், சூடு குறையும், வேகம் தானாகக் கொஞ்சம் ஏறும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓசிசிடி சோதனையை மணிக்கணக்கில் ஓட்டுங்கள். அதை மதிய வெயிலில், ஏசி போடாமல் செய்யுங்கள். நம் ஊரில் அதுதான் உண்மையான பரீட்சை. திரையே வராமல் போனாலும் பயப்பட வேண்டாம், மதர்போர்டில் சிமாஸ் கிளியர் செய்தால் (பயாஸில் சேமித்த மாற்றங்களை அழித்தால்) பழைய நிலைக்கு வந்துவிடும். ஓவர்கிளாக்கால் வரும் சேதம் தயாரிப்பாளர் வாரன்டியில் சேராது என்பதையும் எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார்.

இன்னொன்று. இன்டெல்லில் பெயரில் ‘கே’ எழுத்து இல்லாத ப்ராசஸர்களின் பெருக்கி (வேகத்தை நிர்ணயிக்கும் எண்) பூட்டப்பட்டிருக்கும். ஐ5 12400எஃப்பை எச்610 போர்டில் போட்டு ஓவர்கிளாக் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கடையில்தான் செய்ய வேண்டும் என்றால் வோல்டேஜ் எவ்வளவு, எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள், முழுப் பாரத்தில் வெப்பம் எவ்வளவு என்று கேளுங்கள். பயாஸ் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் தொகையும் ஜிஎஸ்டி பில்லில் வர வேண்டும். ரிச்சி தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு, அவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

என் கணினி இப்போது எக்ஸ்எம்பி 3200, கர்வ் ஆப்டிமைசர் மைனஸ் 15 என்ற நிலையில் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடுகிறது. எக்ஸ்போர்ட் நேரத்தில் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. அந்த முகூர்த்த வீடியோவை மெமரி கார்டிலிருந்து மறுபடி எடுத்து, முழுதாக எடிட் செய்து கொடுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, பயாஸ் படங்கள், பிழைப் பதிவுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.