மட்டக்களப்பு ஆலயங்களின் வழிபாட்டு முறைகள்: வாங்கில் இருப்பவருக்கு என்ன பங்கு?

மட்டக்களப்பு நகரில் ஞாயிற்றுக்கிழமை காலை கத்தோலிக்க ஆலயம், மெதடிஸ்த திருச்சபை, அங்கிலிக்கன் ஆலயம், சுயாதீன சபைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வழிபாடு நடக்கிறது. அதனால் ஒரு சபையில் பிறந்து வளர்ந்தவர் மற்றச் சபை எப்படி வழிபடுகிறது என்பதைக் காணாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார். இவற்றுக்குச் சென்று வந்தவன் என்ற முறையில், வாங்கில் அமர்ந்திருக்கும் சாதாரண விசுவாசிக்கு அந்த வழிபாட்டில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கொண்டு இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கட்டடத்தின் அழகையோ கூட்டத்தின் அளவையோ விட இந்தக் கேள்வியே ஒரு சபையின் இயல்பைக் காட்டுகிறது.

கத்தோலிக்கத் திருப்பலியில் உடல் முழுவதும் செபிக்கிறது. வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் இடுவதில் தொடங்கி, எழுந்து நிற்றல், அமர்தல், முழந்தாளிடல் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை உண்டு. நற்செய்தி வாசிக்கப்படுமுன் எல்லோரும் பெருவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிறு சிலுவை வரைவதைக் கவனித்தால், வாசிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியும் அங்கே எதையும் இழக்காமல் பங்குகொள்கிறார் என்பது விளங்கும். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்கு வழி திறந்ததால், மறுமொழிகளும் பாடல்களும் இன்று தமிழிலேயே ஒலிக்கின்றன. மறையுரை பெரும்பாலும் சுருக்கமானது. வேதத்தை விரித்து அறிய வருபவருக்கு அது போதாமல் போகலாம்.

ஆனால் கிழக்கின் கத்தோலிக்கப் பக்தியை நகரத்து ஞாயிறு திருப்பலியை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலத்துக்கு நடைபயணமாகப் போகிறவர்களையும், அம்பாறை மாவட்டத்தின் சொறிக்கல்முனை திருச்சிலுவைத் திருத்தலத் திருவிழாவையும் பார்க்க வேண்டும். கொடியேற்றம், நவநாள் என்னும் ஒன்பது நாள் செபம், திருச்சொரூபப் பவனி, நேர்த்திக்கடன் என்று செல்லும் அந்த நாட்கள், கண்ணகி அம்மன் சடங்கைக் கண்டு வளர்ந்த எவருக்கும் அந்நியமாகத் தோன்றமாட்டா. இந்துக்களும் மாதாவிடம் நேர்த்தி வைத்து வருகிறார்கள். மண்ணோடு இவ்வளவு ஒட்டிய வழிபாட்டை மற்ற எந்தச் சபையிலும் நான் காணவில்லை.

மெதடிஸ்த ஆராதனையில் அந்தப் பங்கு குரலுக்குப் போகிறது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, மறு ஆண்டே இங்கு உயிர்நீத்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரோடு தொடங்கிய இந்த மரபு, பாட்டை ஆராதனையின் அலங்காரமாகக் கருதுவதில்லை, பாட்டே உபதேசம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தம்பி சாள்ஸ் வெஸ்லி ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை இயற்றியவர் என்பதை நினைத்தால் காரணம் புரியும். மேல்நாட்டு மெட்டில் ஒரு ஞானப்பாட்டும், அதையடுத்து நம் இராகத்தில் ஒரு கீர்த்தனையும் வரும்போது சபையின் ஒலியே மாறுகிறது: முன்னதில் பாடகர் குழு முன்னே செல்ல மற்றவர்கள் பின்தொடர்கிறார்கள், கீர்த்தனையின் பல்லவி திரும்பி வரும்போதோ, பின்வாங்கில் இருக்கும் முதியவர் புத்தகத்தை மூடிவிட்டுப் பாடுகிறார். கீர்த்தனைகளுக்கு இன்னும் கூடுதல் இடம் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். ஆண்டின் தொடக்கத்தில் நடைபெறும் உடன்படிக்கை ஆராதனையையும் தவறவிடக் கூடாது. விசுவாசி தன்னை முழுவதுமாகக் கடவுளிடம் ஒப்புக்கொடுப்பதைத் தன் வாயாலேயே சொல்லும் வழிபாடு அது.

அங்கிலிக்கன் ஆராதனை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. கட்டமைப்பு திருப்பலியை ஒத்தது. பாடல்கள் பெரும்பாலும் மெதடிஸ்தரும் பாடுபவை. இங்கே விசுவாசியின் கையிலிருக்கும் ஜெபப் புத்தகமே வழிநடத்துகிறது. புதிதாக வருபவர் பக்கத்தைத் தேடித் தடுமாறினாலும், ஒழுங்கையும் அமைதியையும் நாடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

சுயாதீன, பெந்தெகொஸ்தே சபைகளில் அச்சிட்ட ஒழுங்கு கிடையாது. கீபோட், கிற்றார், ட்ரம்ஸ் சேர்ந்த துதிப்பாடல்கள் நீண்ட நேரம் தொடர்கின்றன. பிறகு எல்லோரும் ஒரே வேளையில் தத்தம் சொந்தச் சொற்களில் சத்தமாக ஜெபிக்கிறார்கள். சாட்சி சொல்ல எழும் பெண் தன் வீட்டு நோயையும் கடனையும் மறைக்காமல் பேசுகிறார். அதைக் கேட்டு அழுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். வாங்கில் இருப்பவருக்கு இவ்வளவு நேரடியான இடத்தை வேறு எந்தச் சபையும் தருவதில்லை. எனினும் பிரசங்கமும் வேதப்பகுதியும் போதகர் ஒருவரின் தெரிவிலேயே தங்கியிருப்பதால், சபையின் தரம் அவரின் தரத்தோடு ஏறி இறங்குகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டுத்தாக்குதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பறிகொடுத்த சீயோன் தேவாலயமும் இந்தச் சுயாதீன மரபைச் சேர்ந்ததே. இந்தச் சபைகளை வெறும் ஆரவாரம் என்று ஒதுக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது, அது நியாயமற்றது.

வழிபாட்டில் வழங்கப்படும் அப்பமும் இரசமுமான நற்கருணை விடயத்தில் விருந்தினர் கவனமாக இருக்க வேண்டும். கத்தோலிக்க ஆலயத்தில் அது கத்தோலிக்கருக்கே உரியது என்பதால், மற்றவர் இருக்கையிலேயே இருந்து செபிப்பதுதான் மரியாதை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆலயங்களில் பிற சபைகளின் அங்கத்தவர்களும் பொதுவாக வரவேற்கப்படுகிறார்கள். ஆராதனைக்கு முன் குருவானவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வேறுபாடுகள் மிகத் தெளிவாகத் தெரியும் நாள் பெரிய வெள்ளி. அன்று கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி இல்லை. இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை நடக்கிறது. பிற்பகல் வழிபாட்டில் யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டபின், மக்கள் ஒவ்வொருவராக வந்து சிலுவையை முத்தமிடுகிறார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆலயங்களிலோ, நண்பகல் முதல் மூன்று மணிவரை நீளும் மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வாக்கியங்களும் ஒவ்வொன்றாகத் தியானிக்கப்படுகின்றன. கத்தோலிக்கரின் துயரம் கால்களிலும் உதடுகளிலும் வெளிப்படுகிறது. மற்றவர்களின் துயரம் செவி வழியே இறங்குகிறது. ஒரே நாளில் இரண்டையும் காண விரும்புபவர் காலையில் சிலுவைப்பாதைக்குச் சென்றுவிட்டு, நண்பகலுக்கு முன் மும்மணி ஆராதனைக்கு வந்து சேரலாம்.