சிப்பிப்பாறையா, கோம்பையா? முதலில் காம்பவுண்ட் சுவரைப் பாருங்கள்

நாட்டு நாய் வாங்க ஆசைப்படுகிற என் மச்சான் ஒரு மாதமாகக் கேட்கிற ஒரே கேள்வி, "மாப்ள, சிப்பிப்பாறை வாங்கவா, கோம்பை வாங்கவா?" அவனுக்கு மதுரை திருப்பாலைப் பக்கம் தனி வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். என் வீட்டில் சிப்பிப்பாறை, உசிலம்பட்டியில் அண்ணன் தோப்பில் கோம்பை. இரண்டிடமும் அடிபட்டவன் என்பதால் சொல்கிறேன்.

இரண்டுமே துறுதுறு நாய்கள்தான், ஆனால் துறுதுறுப்பு ஒரே ரகமில்லை. விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயர் கொண்ட சிப்பிப்பாறை மொசல் விரட்டிய இனம், நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு, மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும். (மொசல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்த ஆசையில் வாங்காதீர்கள்.) என் நாய் விடியற்காலையில் வற்றிய கண்மாயில் அரைமணி நேரம் பிய்த்துக்கொண்டு ஓடும், வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டிப் படுத்தால் மதியம் வரை அசையாது. அந்த ஓட்டத்தை இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள், செருப்பு, தலையணை, மிதியடி ஒன்றும் மிஞ்சாது.

கோம்பைக்கு ஓடினால் மட்டும் போதாது, வேலை வேண்டும். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர்ப் பெயர், செவலை நிறம், கறுத்த வாய், திரண்ட உடம்பு, காவலுக்கும் காட்டுப்பன்றியை எதிர்ப்பதற்கும் வளர்த்த நாய். அண்ணனுடைய டிவிஎஸ் எக்ஸ்எல் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாலாட்டும், ஆனால் வருஷக்கணக்காகத் தேங்காய் பறிக்க வருகிற ஆளை இன்றைக்கும் புது ஆளாகத்தான் பார்க்கிறது. அவர் மரம் ஏறி இறங்கும் வரை அண்ணன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தோப்பில் இது சரி. கேஸ் சிலிண்டர், கூரியர், டியூஷன் பிள்ளைகள் என்று ஆள் வந்து போகிற வீட்டில், குட்டியிலிருந்தே பல பேரிடம் பழக்காவிட்டால் தினமும் பஞ்சாயத்துதான்.

அதற்காகச் சிப்பிப்பாறை சாது என்று நினைக்க வேண்டாம். மனிதரிடம் கூச்சம், ஆனால் கண்ணில் ஏதாவது ஓடினால் காது அடைத்துப் போகும். போன தைப்பொங்கல் சமயம் பக்கத்து வீட்டுச் சேவலைப் பார்த்தது, நாலரை அடிச் சுவரை ஒரே தாவு. நான் கத்தியது தெருவுக்கே கேட்டது, அதற்கு மட்டும் கேட்கவில்லை. சேவலுக்குக் காசு கொடுத்தேன், மறுவாரமே சுவர்மேல் இரண்டடிக்கு வலை அடித்தேன். பூனை, கோழி வளர்க்கிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை. சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் அளவு, "நாய்க்குச் சோறு போடுறியா இல்லையாப்பா" என்று தெருவில் கேட்கத்தான் செய்வார்கள், காதில் வாங்காதீர்கள். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் சாப்பிட்ட கையோடு ஓடவிடக் கூடாது. தோல் மெல்லிசு, கண்மாயில் சீமைக்கருவேல முள் கீறினால் கோடு கோடாக நிற்கும். ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் இன்னது இனம் என்று சொல்லிவிடுங்கள், உடம்பில் கொழுப்பு ரொம்பக் குறைவான இந்த வகை நாய்களுக்கு மருந்தும் அளவும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கோம்பைக்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை. ஆனால் கோம்பை என்று சொல்லி ஏதோ ஒரு செவலைக் குட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள், தாய் நாயைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வெயிலை இரண்டுமே தாங்கும், சித்திரை மத்தியானத் தார்ரோட்டைத் தவிர.

அபார்ட்மெண்ட் என்றால் இரண்டுமே வேண்டாம். காலையில் எழுந்து ஓடவிடுகிற ஆள் வீட்டில் இருந்தால் சிப்பிப்பாறை, தோட்டம் துரவு காக்க வேண்டுமென்றால் கோம்பை. மச்சான் வீட்டுக்கு நான் சொன்னது சிப்பிப்பாறை. நேற்று டேப்போடு போய்ச் சுவரை அளந்திருக்கிறான், நாலே முக்கால் அடி. இப்போது கொத்தனாரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.