வெண்புள்ளிக்கு ‘90 நாள் எண்ணெய்’: 18,500 ரூபாய் போச்சு, புள்ளி பெருசாச்சு

எண்ணெய் வித்த ஆன்லைன் கடைக்காரங்க ரெண்டு மாசம் இழுத்தடிச்சுட்டு இன்னைக்குக் காலையில என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

அம்மாவுக்குக் கணுக்கால்ல ஒரு ரூபாய்க் காசு அளவு வெண்புள்ளி. ஃபோன்ல விளம்பரம் வர்ற ஒரு மூலிகை ஆன்லைன் கடை. போட்டோ அனுப்பினதும் ஒரு பொண்ணு கூப்பிட்டு, “தொட்டா உணர்ச்சி இருக்காம்மா? செதில் உதிருதா? அந்த இடத்து முடி வெளுத்திருக்கா?”ன்னு பொறுமையா கேட்டுச்சு. மூணும் சரியான கேள்வி. உணர்ச்சி இல்லேன்னா தொழுநோயான்னு பார்க்கணும். மாவு மாதிரி உதிர்ந்தா பூஞ்சைத் தேமலா இருக்கலாம். முடி வெளுத்துட்டா நிறம் திரும்பறது கஷ்டம். அந்தக் கேள்வியிலதான் நம்பிட்டோம். ‘90 நாள் எண்ணெய்’க்கு 18,500 ரூபாய், முழுசும் முன்பணம்.

வந்த பாட்டில்ல ஒரு இலைப் படம். லைசென்ஸ் எண், பேட்ச் எண், உள்ள என்ன இருக்கு, எதுவும் கிடையாது. “பூசிட்டு அரை மணி வெயில்ல நில்லுங்க”ன்னு ஒரு சீட்டு. கார்போகரிசிங்கிற மூலிகை விதை எண்ணெய்க்குச் சொல்ற முறை இது. அதுல இருக்கிற சோராலன்ங்கிற ரசாயனம் வெயில் பட்டா தோலைப் பொசுக்கிடும். அந்தச் சூடு உடனே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். அதுக்குள்ள தினமும் பூசிக்கிட்டே இருப்போம். மூணாம் நாள் சாயங்காலம் பாதாம் பருப்பு அளவுக்குக் கொப்புளம். வெண்புள்ளி இருக்கிறவங்களுக்குக் காயம் பட்ட இடமும் வெளுக்கலாம். புண் ஆறின ஓரமெல்லாம் இப்ப வெள்ளை.

கேட்டா, “கெட்ட நீர் வெளியேறுது, நல்ல அறிகுறி.” அடுத்த வாரம், “மீன் சாப்பிட்டீங்களா? பத்தியம் முறிஞ்சிருக்கும்.” அப்புறம் “மேனேஜர் லீவு.” 18,500-ஐத் திருப்பிக் கேட்டதும் பிளாக்.

மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நிறமி செல்களை நம்ம எதிர்ப்புச் சக்தியே அழிக்குது, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது.

அவசரமா சில விஷயம். முதல்ல தோல் டாக்டர். வுட்ஸ் விளக்குங்கிற புற ஊதா விளக்குல வெண்புள்ளி நீல வெள்ளையா பளிச்சுன்னு தெரியும். எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்துல அடக்கற டாக்ரோலிமஸ் களிம்பு, வாரம் 2-3 முறை நேரோபேண்ட் யுவிபிங்கிற புற ஊதா ஒளி சிகிச்சை, எல்லாத்துக்கும் மாசக்கணக்கு ஆகும். விரல் நுனி, பாதம் இன்னும் தாமதம். வெண்புள்ளியைக் குணமாக்குவோம்னு விளம்பரம் போடறதே 1954-ம் வருஷ மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். முன்பணம் கட்டாதீங்க. பாட்டிலையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. 18,500-க்கான யுபிஐ ரசீதைக் கையில வெச்சுக்கிட்டு லைன்ல காத்திருக்கேன்.